பரணை அறையாக்கும்போது சுவருக்கு எவ்வளவு வெப்பக்காப்பு தேவை?

இங்கிலாந்தில் வீட்டுப் பரணைப் படுக்கையறையாக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, திட்ட அனுமதி வேண்டுமா என்றுதான். பல வீடுகளுக்கு அது வேண்டியதில்லை. ஆனால் கட்டட விதிமுறை அனுமதி வேறு. ஆள் வசிக்கும் அறை என்றால் அது கட்டாயம். வெப்பக்காப்பு பற்றிப் பேசுவது அவ்விதிமுறைகளின் ‘எல்’ பகுதி. கீழே உள்ள எண்கள் 2022 ஜூன் 15 அன்று நடைமுறைக்கு வந்த வழிகாட்டியில் உள்ளவை.

அளவுகோலின் பெயர் யூ மதிப்பு. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு இருந்தால், ஒரு சதுர மீட்டர் சுவர் வழியே எத்தனை வாட் வெப்பம் கசிகிறது என்பதே அது. எண் குறையக் குறைய நல்லது.

சுவர் புதியதா, பழையதா என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். புதிதாக எழுப்பும் சுவருக்கு 0.18-ஐத் தாண்டக் கூடாது. டார்மரின் (கூரைச் சரிவிலிருந்து வெளியே நீட்டிக் கட்டும் சன்னல் பகுதியின்) பக்கச் சுவர்களும் இதில் அடங்கும். லண்டனின் ஹாரோ பக்கத்து 1930-களின் வீடுகளில் பக்கவாட்டில் சரிந்த கூரையை நிமிர்த்தி முக்கோணச் சுவர் எழுப்புவார்களே, அதற்கும் இதே அளவுதான்.

ஏற்கெனவே இருக்கும் சுவர் அறையின் எல்லையாக மாறும்போது கணக்கு வேறு. அதன் யூ மதிப்பு 0.70-க்கு மேல் இருந்தால் மேம்படுத்த வேண்டும்: உள்ளேயோ வெளியேயோ காப்பு பொருத்தினால் 0.30, இரட்டைச் சுவரின் இடைவெளியை நிரப்பினால் 0.55. பழைய ஒன்பது அங்குலச் செங்கல் சுவரின் மதிப்பு ஏறக்குறைய 2. அதை 0.30-க்குக் கொண்டுவர, நல்ல நுரைப் பலகையே 60 முதல் 70 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும். சிறிய அறையில் அது கண்ணுக்குத் தெரியும் இழப்பு. அறையின் தரைப்பரப்பு 5 சதவீதத்துக்கு மேல் குறையுமானால், அல்லது செலவு 15 ஆண்டுகளுக்குள் எரிபொருள் சேமிப்பில் திரும்பாதென்றால், இதைவிடக் குறைவான காப்பை ஏற்கலாம். ஆனால் இது முழு விலக்கு அல்ல. முடிந்த அளவு காப்பு போட்டே ஆகவேண்டும். ‘பழைய சுவர், ஒன்றும் வேண்டாம்’ என்று ஒப்பந்தக்காரர் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

இரண்டு இடங்கள் எளிதில் விடுபடும். கூரை தாழும் ஓரத்தில் அறையை மறைக்க எழுப்பும் குட்டைச் சுவரின் பின்புறம் குளிர்ந்த வெற்றிடம் இருந்தால், அந்தச் சுவருக்குக் காப்பு தேவை. லண்டனின் ஈஸ்ட் ஹாம் போன்ற இடங்களின் வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுப் பரண் இன்னும் வெறும் பரணாகவே இருந்தால், நடுவிலுள்ள பொதுச் சுவருக்கும் காப்பு கேட்கப்படலாம். வேலை தொடங்குமுன் இதைக் கட்டட விதிமுறை அதிகாரியிடம் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பலகைகளுக்கு நடுவே இடைவெளி விடாமல் நாடா ஒட்டி, அறைப் பக்கம் நீராவித் தடுப்புத் தாளும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் அறையின் ஈரம் குளிர்ந்த செங்கல்லில் படிந்து பூஞ்சை பிடிக்கும். ஆய்வாளர் வந்து பார்க்கும்வரை பிளாஸ்டர் பலகையால் மூட விடாதீர்கள். மூடிவிட்டால், உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட அதை மீண்டும் பிரிக்க நேரலாம். வேலை முடிந்ததும் நிறைவுச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்; வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வழக்கறிஞர் அதைக் கேட்பார்.