வெளிநாட்டுக் காசுதானே, அதற்கு ஏது வரி?

போன வாரம் ஒரு தாய் என் அலுவலகத்துக்கு வந்தார். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். கையில் ஒரு சொப்பிங் பேக், அதற்குள் பல தடவை மடித்துப் பிரித்து நைந்துபோன வங்கிக் கடிதம். “சேர், என் புத்தகத்துல அறுபது லட்சம் வந்து போயிருக்காம். யார் காசுன்னு கேக்குறாங்க” என்றார். சம்பளம் போடுவதற்காகத் திறந்த கணக்கு அது. இப்போது முடக்கி வைத்திருக்கிறார்கள், அவருடைய சம்பளமும் அதற்குள்தான் கிடக்கிறது.

விஷயம் இதுதான். மகனுக்கு 22 வயது. ஒரு வெளிநாட்டு ட்ரேடிங் நிறுவனம் அவன் பெயரில் கொடுத்திருந்த ஃபண்டட் அக்கவுண்டை (நிறுவனம் தருகிற கணக்கில் ட்ரேட் பண்ணி லாபத்தில் பங்கு எடுக்கிற ஏற்பாடு) விதி மீறியதாகச் சொல்லி மூடிவிட்டது. உடனே அம்மாவின் அடையாள அட்டையைக் கொடுத்து அம்மா பெயரில் சேலஞ்ச் (அக்கவுண்ட் கிடைப்பதற்குக் காசு கட்டி எழுதுகிற ட்ரேடிங் பரீட்சை) வாங்கி, அதன் இரண்டு கட்டமும் பாஸ் பண்ணி, பேஅவுட்டை, அதாவது தன் லாபப் பங்கை, யூஎஸ்டிடியாக (டொலர் மதிப்போடு இணைத்த கிரிப்டோ நாணயம்) எடுத்து, ஒரு கிரிப்டோ செயலியில் முன்பின் தெரியாதவர்களுக்கு விற்றிருக்கிறான். வாங்கியவர்கள் பதினேழு பேர், குருநாகல், கல்முனை, நீர்கொழும்பு என்று ஆளுக்கொரு ஊர். எல்லாரும் ரூபாயை அந்தத் தாயின் கணக்கில் போட்டிருக்கிறார்கள்.

இந்த வருடம் என்னிடம் வந்த நாலாவது கேஸ் இது. நாலு பேரும் சொன்னது ஒரே வசனம்: “வெளிநாட்டுக் காசுதானே சேர், அதுக்கு வரி இல்லையே.”

தம்பிமாரே, தயவுசெய்து இதைப் பொறுமையாக வாசியுங்கள். அந்த வசனம் ஒரு காலத்தில் பாதி உண்மை. வெளிநாட்டில் பயன்படுகிற சேவைக்கான கட்டணம் வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியாக நாட்டுக்குள் வந்தால் அதற்கு வரிவிலக்கு இருந்தது. அப்போதும் வங்கி வழியாக வந்தால்தான். அந்த விலக்கு 2025 மார்ச் 31ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. முடிந்தே போய்விட்டது. ஆனால் அண்ணன் சொன்னான், யூடியூபில் ஒருவர் சொன்னார் என்று இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இலங்கையில் வதிகிறவருக்கு உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே வரி உண்டு. நிறுவனம் பிராகில் இருந்தாலும் துபாயில் இருந்தாலும், நீங்கள் ஹட்டனில் உட்கார்ந்துதானே ட்ரேட் பண்ணுகிறீர்கள்?

“அது டெமோ அக்கவுண்ட், நிஜ லாபமே இல்லையே” என்று ஒருவர் வாதாடினார். ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான நிறுவனங்களில் நீங்கள் ட்ரேட் பண்ணுவது நிஜக் காசு இல்லாத டெமோ கணக்கில் என்றும், நீங்கள் ஒரு சுயாதீன ஒப்பந்தக்காரர் என்றும்தான் எழுதியிருக்கும். ஆகவே உங்களுக்கு வருவது முதலீட்டு லாபம் இல்லை, செய்த வேலைக்கான கட்டணம். உங்கள் கைக்கு வருகிற ரூபாய் டெமோ ரூபாய் இல்லையே! (இதில் இன்னொன்றும் இருக்கிறது. நிறுவனத்துக்குப் பிரச்சினை வந்தால் நீங்கள் வைப்பாளர் இல்லை, வரவேண்டிய காசுக்காகக் காத்திருக்கிற ஒப்பந்தக்காரர். 2023 ஆகஸ்டில் மை ஃபாரெக்ஸ் ஃபண்ட்ஸ் என்ற இப்படியான நிறுவனத்தின் மீது அமெரிக்க ஒழுங்குமுறை ஆணையம் வழக்குப் போட்டதும் சொத்துகள் முடக்கப்பட்டு பேஅவுட் நின்றுபோனது. 2025இல் நீதிமன்றம் அந்த வழக்கையே தள்ளுபடி செய்தது, ஆனால் இடைப்பட்ட காலம் முழுக்கக் காத்திருந்தவர்கள் ட்ரேடர்கள்.)

சரி, எவ்வளவு வரி? பயப்படுகிற அளவுக்கு இல்லை, அதுதான் எனக்கு ஆற்றாமை. 2025 ஏப்ரல் முதல் வருடத்துக்கு 18 லட்சம் வரை தனிநபர் நிவாரணம். அதற்கு மேல் முதல் 10 லட்சத்துக்கு 6 சதவீதம். மீதிக்கு, வெளிநாட்டு நாணயமாக வங்கி வழியாக வந்த சேவை வருமானம் என்றால் கூடியது 15 சதவீதம். வேறு வருமானம் இல்லாத ஒருவர் வருடத்தில் 60 லட்சம் இப்படி எடுத்தால் வரி 5,40,000 ரூபாய். அதே 60 லட்சத்தை யூஎஸ்டிடியாக எடுத்து இங்கே தெரியாதவரிடம் ரூபாயாக மாற்றினால் வங்கி வழியாக வந்த வெளிநாட்டு நாணயம் என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் 36 சதவீதம் வரை ஏறுகிற சாதாரண வீதம்தான், கணக்குப் போட்டால் 10,32,000 ரூபாய். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. இதற்கு மேல், பணம் போட்டவர்களில் ஒருவர் மோசடிக்காரராக இருந்தால் அவரைத் தேடி வருகிற விசாரணை உங்கள் வாசலுக்கும் வரும்.

வங்கி ஏன் கேள்வி கேட்கிறது என்று கோபப்படாதீர்கள். 10 லட்சத்துக்கு மேற்பட்ட பரிமாற்றங்களையும், தொகை எவ்வளவானாலும் சந்தேகம் தருகிற கொடுக்கல் வாங்கல்களையும் அறிவிக்க வேண்டியது 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டப்படி அவர்கள் கடமை. கிரிப்டோ வாங்க உங்கள் டெபிட், கிரெடிட் அட்டைகளைப் பாவிக்க அனுமதி இல்லை என்று மத்திய வங்கியும் பல முறை சொல்லிவிட்டது.

ஆகவே பேஅவுட்டை வங்கிக்கு டொலராக எடுங்கள், உங்கள் சொந்தப் பெயரில். நிறுவனம் கிரிப்டோவாக மட்டும்தான் தரும் என்றால், சேலஞ்சுக்குக் காசு கட்டுவதற்கு முன்னாலேயே அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வேறு இடம் பாருங்கள். ஒப்பந்தம், சேலஞ்ச் கட்டிய ரசீது, ஒவ்வொரு பேஅவுட் பத்திரம் எல்லாவற்றையும் தரவிறக்கி வையுங்கள், டாஷ்போர்டில் இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், அக்கவுண்டை மூடினால் டாஷ்போர்டும் போய்விடும். அமெரிக்க நிறுவனம் டபிள்யூ-8பென் படிவம் கேட்டால் நீங்கள் அமெரிக்கர் இல்லை என்று உறுதிப்படுத்தத்தான் கேட்கிறார்கள், அதில் கையெழுத்துப் போட்டதால் இங்கே வரி இல்லாமல் போகாது. டின் நம்பர் (வரி செலுத்துபவருக்கான அடையாள எண்) எடுங்கள். 2025/26 வரி வருடத்துக்கான வருமான வரி விவரத்திரட்டை 2026 நவம்பர் 30க்குள் போட வேண்டும். 29ஆம் திகதி என் கதவைத் தட்டாதீர்கள்.

அம்மாவின், அக்காவின், பாட்டியின் அடையாள அட்டையை மட்டும் தொடவே தொடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். ஒப்பந்தம் அவர் பெயரில், அடையாளச் சரிபார்ப்பு அவர் பெயரில், வங்கிக் கணக்கு அவர் பெயரில் என்றால் இறைவரித் திணைக்களம் முதலில் கேள்வி கேட்பதும் அவரிடம்தான். சேலஞ்ச் என்றால் என்னவென்று அந்தத் தாய்க்குத் தெரியாது. மகன் கொம்பியூட்டர் வேலை செய்கிறான் என்று பெருமையாக இருந்தவர்.

பையனை வரச்சொல்லிப் பேசினேன். கெட்டவன் இல்லை, அம்மாவுக்கு வீடு கட்டத்தான் இவ்வளவும் செய்திருக்கிறான். பதினேழு பேரில் பதினொரு பேருடைய பரிமாற்றப் பதிவை எடுத்துவிட்டான். மீதி ஆறும் திரை உடைந்த பழைய போனில் இருக்கிறதாம். திருத்தக் கொடுத்திருக்கிறான், செவ்வாய்க்கிழமை கொண்டுவருகிறான். அதோடு ஒரு கடிதம் எழுதி அந்தத் தாயோடு வங்கிக்குப் போகிறேன், முதலில் அவர் சம்பளத்தையாவது விடுவிக்கச் சொல்லிக் கேட்க.