பூசணம் பிடித்த கடலைக்கு நெல்லிச்சாறு பரிகாரம் ஆகாது

"காலைல வெறும் வயித்துல நெல்லிக்காய் ஜூஸ் குடிச்சுப்போடறனுங்க. அப்புறம் எதைச் சாப்பிட்டாலும் ஒண்ணும் பண்ணாதுங்களே?" ஈரோட்டில் உணவு ஆலோசனை சொல்லி உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்தக் கேள்வி அலுத்துவிட்டது. வசதி இருப்பவர்கள் நெல்லிக்குப் பதில் ப்ளூபெர்ரி என்பார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியாக வந்த அம்மா பெர்ரிப் பொடி டப்பாவையே கையில் கொண்டுவந்திருந்தார். வீட்டில் என்ன எண்ணெய் என்று கேட்டேன். சொந்தக் காட்டுக் கடலை, மரச்செக்கில் ஆட்டியது. சரி, பொறுக்கிவிட்டு ஆட்டினீர்களா? "பொறுக்கினோமுங்க. நல்லதைத் திங்க வெச்சுக்கிட்டு, சொத்தையும் பூத்ததும் செக்குக்குப் போட்டுட்டோம்."

ஈரலைக் கெடுக்கும் பூசண நஞ்சான அஃப்ளாடாக்சின் குவிந்திருப்பதே அந்தச் சொத்தையிலும், சுருங்கி நிறம் மாறிய பருப்பிலும்தான். வறுத்தாலும் முழுதாகப் போகாது. ஆட்டும்போது பெரும்பங்கு புண்ணாக்கில் தங்கும், கொஞ்சம் எண்ணெயோடு வரும். ஆலையில் சுத்திகரிக்கும்போது அது பெருமளவு நீங்கிவிடும். செக்கெண்ணெய்க்கு அந்த வேலை நடப்பதில்லை. செக்கெண்ணெய் கூடாது என்று சொல்ல வரவில்லை, செக்கில் போடும் கடலை சரியாக இருக்க வேண்டும். அந்தப் புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் இந்த நஞ்சு வேறு வடிவில் இறங்கும். கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் பாலில் இருக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது.

பழம் உள்ளே போய் நஞ்சை முறிக்கும் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்கள் மேல் பெர்ரிச் சாற்றை ஊற்றிப் பார்த்த சோதனைகளிலிருந்து. நீங்கள் தட்டில் வளரும் செல் இல்லை. பெர்ரியில் இருக்கும் நீலச் சாயத்தில் ரத்தத்துக்குப் போய்ச் சேர்வது மிகக் கொஞ்சம். எந்தப் பழத்துக்கு எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் (செல் சிதைவைத் தடுக்கும் திறன்) என்று அமெரிக்க வேளாண் துறை ஒரு பட்டியல் வைத்திருந்தது. மனித உடம்பில் நடப்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பில்லை என்று சொல்லி 2012இல் அவர்களே அதை எடுத்துவிட்டார்கள். டப்பாவில் அந்த எண்ணை இன்னும் அச்சடிப்பவர்களை என்ன செய்வது? இதைப் பரிந்துரைக்கும் என் தொழில்காரர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு.

ஆன்டிஆக்ஸிடன்டை மாத்திரையாகப் போட்டால் கெடுதல் இல்லையே என்பவர்களுக்கு: பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியது. 1994இல் வெளிவந்த முடிவு இது.

நெல்லிக்காய் சாப்பிடுங்கள், நல்ல பழம். நாவல் வந்தால் நாவல். அதற்கு முன் கடலையைப் பாருங்கள். ஈர மண்ணில் கொட்டாமல் தார்ப்பாயில் காயப்போடுங்கள். காயைக் குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலக்க வேண்டும். மூட்டையைக் கட்டை மேல் அடுக்குங்கள், சுவரில் சாய்க்காதீர்கள். கொப்பரைக்கும் இதே கதைதான். பூத்ததை மாட்டுக்கும் வைக்காதீர்கள், கோழிக்கும் போடாதீர்கள், புதைத்துவிடுங்கள். மனசு வராது, தெரியும். 1974இல் குஜராத், ராஜஸ்தான் எல்லைப் பக்கத்துக் கிராமங்களில் பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்று நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஈரல் கெட்டுச் செத்தார்கள்.

இன்னொன்று. ஹெபடைடிஸ் பி கிருமி உடம்பில் இருந்தால், இந்த நஞ்சால் ஈரல் புற்றுநோய் வரும் ஆபத்து பல மடங்கு. பெர்ரிப் பொடிக்குக் கொடுக்கும் காசில் தயவுசெய்து ஒருமுறை அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். கிருமி இல்லையென்றால் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.