மாடி பஸ்ஸும் உப்புக்காற்றும்

ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸைவிட ஓய்வு பெற்று நிற்கும் பஸ்தான் சீக்கிரம் துருப்பிடிக்கும். புதுச்சேரி போன்ற கடலோர ஊரில் நிறுத்தினால் சொல்லவே வேண்டாம். மேலே கூரை போட்டு, தார்ப்பாய் போர்த்திப் பத்திரமாகப் பூட்டி வைத்த வண்டியென்றால் சில இடங்களில் துரு இன்னும் வேகமாக ஏறும். எல்லாம் உப்பு செய்யும் வேலை.

மாடி பஸ் நமக்குப் புதிதல்ல. சென்னையில் தாம்பரத்துக்கு ஓடிய 18ஏ மாடி பஸ்ஸில் முன்வரிசை ஜன்னலுக்கு அடித்துக்கொண்டவர்கள் இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். எண்ணூர் அசோக் லேலண்ட் தன் டைட்டன் மாடி பஸ்ஸை 1967இல் கொண்டுவந்தது. மும்பையில் 1937இல் தொடங்கிய மாடி பஸ் வரிசையின் வழக்கமான தடங்களில் ஓடிய கடைசி டீசல் வண்டி 2023 செப்டம்பர் 15 அன்று ஓட்டத்தை நிறுத்தியது. கண்டம் செய்யப்பட்ட பஸ்ஸுக்கு வழக்கமான முடிவு ஏலம், பிறகு காயலான் கடை. தப்பிக்கும் ஒன்றிரண்டு வண்டிகளை யாராவது வாங்கி நிறுத்துகிறார்கள். நிறுத்த இடம் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

லண்டனின் சிவப்பு மாடி பஸ்ஸான ரூட்மாஸ்டரையே எடுத்துக்கொள்ளலாம். முதல் மாதிரி வண்டி 1954இல் உருவானது. வழக்கமான தடங்களிலிருந்து 2005 டிசம்பர் 9 அன்று விடைபெற்றது. 64 இருக்கைகள் கொண்ட அந்த வண்டியின் எடை ஏறத்தாழ ஏழரை டன்தான். உடல் முழுக்க அலுமினியம் என்பதால் அந்தச் சிக்கனம். மேல்மாடி எவ்வளவு லேசாக இருக்கிறதோ அவ்வளவு கீழே எடை மையம் இறங்கும். மேல்மாடியில் ஆட்களின் எடைக்கு மணல் மூட்டைகளை அடுக்கி, வண்டியை 28 டிகிரி சாய்த்தும் கவிழக்கூடாது என்பது அங்கே மாடி பஸ்களுக்கு வைக்கப்படும் சோதனை. பழைய மாடி பஸ்ஸை வாங்கி உணவகமாக்க நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாடியில் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி வைத்தால் ஒரு டன்னை உச்சியில் ஏற்றியதாகிவிடும். அப்படிச் செய்த வண்டியை மறுபடி சாலையில் ஓட்டாமலிருப்பது நல்லது.

அலுமினியம் துருப்பிடிக்காதே, பிறகென்ன கவலை? உடல் அலுமினியம், சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டங்களோ இரும்பு. இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்க, இடையே உப்புநீர் புகுந்தால் அங்கே ஒரு சிறு பேட்டரி உருவாகிவிடுகிறது. அந்த மின்னோட்டத்தில் அலுமினியம்தான் கரையும், இரும்பு தப்பித்துக்கொள்ளும். இரும்பு போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட் லேசாக உப்பியிருக்கும் இடத்தை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிரும். அதுவரை அங்கே தகடாக இருந்த அலுமினியம்தான் அந்தப் பொடி. இரும்புக்கு வேறு குணம். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். இரண்டு தகடுகளுக்கு நடுவே சேர்ந்தால் தகட்டை நெளியவைத்து ரிவிட்டையே பிடுங்கிவிடும்.

உப்பு ஏன் காய்வதில்லை? சமையலறை ஜாடியில் கல் உப்பு மழைக்காலத்தில் நசநசப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடற்கரைச் சாலையில் ராத்திரி அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். அலை உடையும்போது தெறிக்கும் திவலைகளில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். சித்திரை வெயிலில் தொட்டுப் பார்த்துக் காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும் பஸ்ஸின் மடிப்புகளில் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது.

கூரையின் கதையும் இதுதான். வெட்டவெளியில் நிற்கும் வண்டியை மழை கழுவிவிடும். கொட்டகைக்குள் நிற்கும் வண்டியில் காற்று கொண்டுவரும் உப்பு சேர்ந்துகொண்டே போகும். புதுச்சேரியில் பெருமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். ஆகவே வெளியே நிற்கும் வண்டிக்கும் தை பிறந்த பிறகு பல மாதங்கள் குளியல் இல்லை. சக்கர வளைவுகளுக்குள்ளும் அடிச்சட்டத்தின் உட்புறத்திலும் மழையே எட்டாது. தார்ப்பாய் இன்னும் ஆபத்து: உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே விடாது. கூரை வேண்டும், காற்றோட்டமும் வேண்டும், கூடவே நல்ல தண்ணீரில் அடிப்பக்கக் கழுவலும் வேண்டும். கடலுக்குப் போய்வந்த மோட்டாரை நல்ல தண்ணீரில் ஓடவிட்டு அலசும் மீனவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கழுவாமல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிப்பதுதான் பட்டறைகளில் நான் அடிக்கடி பார்க்கும் கொடுமை. பெயின்ட்டுக்கு அடியில் சிக்கிய உப்பு, படலத்தின் வழியே நீரை உள்ளே இழுக்கும். சில மாதங்களில் பளபளப்பான மேல்பரப்பு கொப்புளிக்கும். துருவைச் சுரண்டி, உப்பைக் கழுவி, நன்றாக உலர்த்தி, பிரைமர் பூசி, இரும்பும் அலுமினியமும் சேரும் இடத்தில் மின்சாரம் கடத்தாத பசையோ ரப்பர் வாஷரோ வைத்தபிறகுதான் வண்ணத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

என்ஜினுக்கும் தண்ணீர்தான் பகை, ஆனால் அந்தத் தண்ணீரை அதுவே தயாரிக்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாகப் பிறக்கும். டீசலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வருவது அது. சூடான என்ஜினில் அது புகையோடு போய்விடும். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தாலோ, சூடேறாத சைலன்சரிலும் ஆயிலிலும் அது தங்கிவிடும். அன்பாகச் செய்வதாக நினைத்து வண்டியைக் கெடுக்கும் பழக்கம் இது. ஒரே இடத்தில் நிற்கும் டயர் தட்டையாவதும், டேங்கின் அடியில் சேரும் நீரில் கிருமிகள் வளர்ந்து ஃபில்டரை அடைப்பதும் தனிக் கணக்கு.

எனவே மாதம் ஒருமுறையாவது ஆயில் நன்றாகச் சூடேறும்வரை ஓட்ட வேண்டும். புதுச்சேரியிலிருந்து மரக்காணம் பக்கம் போனால் வழியெங்கும் உப்பளக் காற்று. வில்லியனூர் வழியாக உள்நாட்டுப் பக்கம் போவது உத்தமம். வண்டி ரூட்மாஸ்டர் என்றால் உயரம் 4.38 மீட்டர். அதனால் அன்று காலையே இருசக்கர வாகனத்தில் ஒருவர் முன்னால் போய், தாழ்ந்து தொங்கும் கேபிள் வயர்களையும் புளியமரக் கிளைகளையும் பார்த்து வைத்துவிட வேண்டும்.