சாய்தளத்தில் மின்சார ஃபோர்க்லிஃப்ட்: தகட்டில் உள்ள எடையை நம்பி ஏறலாமா?

"பத்து சதவீதச் சரிவு, 2 டன் வண்டி, எத்தனை கிலோ வரை ஏற்றிப் போகலாம்?" மின்சார ஃபோர்க்லிஃப்ட் பராமரிப்பிலும் ஓட்டுநர் பயிற்சியிலும் பல ஆண்டுகளாக இருக்கும் என்னிடம் கிடங்குப் பொறுப்பாளர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். சரிவைச் சொன்னால் கழிக்க வேண்டிய எடையைச் சொல்லிவிடும் அட்டவணை எங்காவது இருக்கும் என்ற எதிர்பார்ப்பில் கேட்கிறார்கள். எல்லா வண்டிகளுக்கும் பொருந்தும் அப்படியோர் அட்டவணை கிடையாது. வண்டி கவிழாமல் நிற்கும் திறன், பிரேக், சக்கரப் பிடிப்பு, மோட்டார் தாங்கும் சூடு ஆகிய நான்கில் எது முதலில் கைவிடுகிறதோ, அதுவே அந்தச் சரிவில் அந்த வண்டிக்கு எல்லை.

முதலில், வண்டி தூக்கக்கூடிய எடையைப் பொறித்திருக்கும் தகட்டை எடுத்துக்கொள்வோம். ஓட்டுநர் இருக்கைக்கு எதிரே உள்ள தகட்டில் 2000 கிலோ என்று இருந்தால், அதன் பக்கத்திலேயே சுமை மையம் 500 மி.மீ. என்றும், தூக்கும் உயரம் இவ்வளவு என்றும் எழுதப்பட்டிருக்கும். தரை சமமாகவும் கெட்டியாகவும் இருந்து, மாஸ்ட் (ஃபோர்க் ஏறி இறங்கும் தூண்) செங்குத்தாக நின்று, சுமையின் எடை மையம் ஃபோர்க்கின் முதுகிலிருந்து, அதாவது சுமை ஒட்டி நிற்கும் அதன் செங்குத்துப் பகுதியிலிருந்து, 500 மி.மீ.க்குள் இருந்தால்தான் அந்த 2000 கிலோ செல்லும். வண்டி ஒரு தராசு; முன் அச்சுதான் அதன் தாங்குபுள்ளி. முன் அச்சிலிருந்து ஃபோர்க்கின் முதுகு வரை 420 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், நீளமான சரக்கால் சுமை மையம் 700 மி.மீ.க்குத் தள்ளிப்போகும்போது சமதரையிலேயே 2000 கிலோ ஏறக்குறைய 1640 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. இது சரிவு என்ற பேச்சே வருவதற்கு முந்தைய கணக்கு. சமதரை என்ற நிபந்தனையோ, சாய்தளத்தில் முன்சக்கரம் ஏறிய உடனேயே போய்விடுகிறது.

சரிவை அளப்பதிலேயே பெரிய பிழை நடப்பதைப் பார்த்திருக்கிறேன். கிடைமட்டமாக 10 மீட்டருக்கு 1 மீட்டர் உயர்ந்தால் அது 10 சதவீதம். கோணமாகச் சொன்னால் 5.7 டிகிரி. மாறாக, 10 டிகிரி என்பது 17.6 சதவீதம். நான் ஆய்வுக்குப் போன ஒரு கிடங்கில், சாய்தளத்தின் அடியில் "சரிவு 8%" என்று அழகாக எழுதி வைத்திருந்தார்கள். எப்படி அளந்தீர்கள் என்று கேட்டதற்கு, கைபேசியைத் தரையில் வைத்துப் பார்த்ததாகச் சொன்னார்கள். ஒரு மீட்டர் நீள ரசமட்டத்தின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, குமிழி நடுவுக்கு வரும்வரை மறுமுனையைத் தூக்கி, அடியில் உள்ள இடைவெளியை நாடாவால் அளந்தோம். 14 செ.மீ. இருந்தது. கைபேசி காட்டிய 8, டிகிரி. பலகையில் இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்குச் சரிவில் அந்த ஓட்டுநர்கள் நாள்தோறும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். சராசரிச் சரிவை அளந்தால் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்; சாய்தளத்தில் எந்த இடம் மிகச் செங்குத்தாக இருக்கிறதோ, அந்த அளவுதான் கணக்குக்கு உரியது.

சரிவு என்ன செய்கிறது என்பதை ஒரு மாதிரிக் கணக்கில் பார்க்கலாம். பேட்டரியோடு சேர்த்து வண்டியின் எடை 3500 கிலோ, அதன் எடை மையம் முன் அச்சுக்குப் பின்னால் 85 செ.மீ. தொலைவிலும் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். எடையை (கிலோ) முன் அச்சிலிருந்து அதன் தூரத்தால் (மீட்டர்) பெருக்கினால், சமதரையில் 2000 கிலோ சுமை முன்னால் இழுப்பது 1840. வண்டி பின்னால் இழுத்துப் பிடிப்பது 2975. நல்ல இடைவெளி இருக்கிறது. இதே வண்டி 10 சதவீதச் சரிவில் சுமை கீழ்ப்பக்கம் பார்க்க நின்றால், ஒவ்வொரு பொருளின் எடையும் அதன் உயரத்தில் பத்தில் ஒரு பங்கு தூரம் முன்னால் நகர்ந்ததைப் போல ஆகிவிடும். சுமை தரையையொட்டித் தாழ்ந்திருந்தால், முன்னால் 1970, பின்னால் 2765 என்ற அளவில் வண்டி இன்னும் தாக்குப்பிடிக்கும். ஃபோர்க்கை 3 மீட்டர் உயர்த்தினால் சுமையின் மையம் மூன்றரை மீட்டருக்குப் போய்விடும்; அப்போது முன்னால் 2540, பின்னால் அதே 2765. சுமையில் ஒரு கிலோகூடக் கூடவில்லை, கையிருப்பு மட்டும் கரைந்துவிட்டது. சரிவில் நிற்கும்போது சுமையை உயர்த்தவே கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

மிச்சமிருக்கும் கையிருப்பைப் பிரேக் எடுத்துக்கொள்ளும். பின்பகுதியின் கனத்தால் சுமையைச் சமன்செய்யும் எதிர் எடை ஃபோர்க்லிஃப்ட்களுக்கான ஐ.எஸ்.ஓ. 22915-2 என்ற சர்வதேசத் தரத்தின்படி, தூக்கும் திறன் 5 டன்னுக்கு உட்பட்ட வண்டியைச் சாயும் மேடையில் நிறுத்தி, சுமை உயர்ந்த நிலையில் 4 சதவீதமும், சுமை தாழ்ந்து பயணிக்கும் நிலையில் 18 சதவீதமும் முன்பக்கமாகச் சாய்த்துச் சோதிக்கிறார்கள். இந்த 18-ஐப் பார்த்துவிட்டு, அவ்வளவு சரிவு வரை போகலாம் என்று எண்ணுபவர்கள் உண்டு, அது தவறு. சமதரையில் ஓடும் வண்டி பிரேக் பிடிக்கும்போது ஏற்படும் முன்னோக்கிய உந்துதலுக்காக வைத்திருக்கும் கையிருப்பு அது. சரிவும் பிரேக்கும் ஒன்றோடொன்று கூடும். 10 சதவீதச் சரிவில் சுமையை முன்னால் வைத்து இறங்கும்போதே 10 செலவாகிவிட்டது. அந்த நேரத்தில் யாரோ குறுக்கே வர, ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினால் எஞ்சியிருக்கும் 8 போதாமல் போகக்கூடும்.

அதனால்தான் சுமை எப்போதும் மேட்டுப்பக்கம் பார்க்க வேண்டும். ஏறும்போது முன்னோக்கியும், இறங்கும்போது பின்னோக்கியும் ஓட்ட வேண்டும். 10 சதவீதத்தைத் தாண்டிய சரிவில் இது கட்டாயம் என்கிறது அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி. எந்தச் சரிவானாலும் சுமையைப் பின்னால் சாய்த்து, தரையில் உரசாத அளவுக்கு மட்டுமே உயர்த்த வேண்டும் என்றும் அது சொல்கிறது. என் பயிற்சியில் நான் 10 என்று பார்ப்பதில்லை, 3 சதவீதமானாலும் இப்படித்தான் ஓட்டச் சொல்கிறேன். கண்ணளவில் 7-க்கும் 11-க்கும் வித்தியாசம் தெரியாது, பழக்கம்தான் கைகொடுக்கும். காலி வண்டிக்கு இது தலைகீழ்: ஃபோர்க் பள்ளத்தைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் கனமான பின்பகுதி மேலே இருந்து, பெரும்பாலான வண்டிகளில் இழுவையும் பிரேக்கும் உள்ள முன்சக்கரங்களின் மேல் எடை விழும்.

சரிவின் நடுவே திரும்புவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, திரும்பவே கூடாது. ஆனால் காலி வண்டிதானே என்று திருப்புகிறார்கள். இரண்டு முன்சக்கரங்களும் பின் அச்சின் நடு முளையும் சேர்ந்து ஒரு முக்கோணம். பின்னால் போகப் போக அது குறுகும். சுமை இல்லாத வண்டியின் எடை மையம் அந்தக் குறுகிய முனைக்கு நெருங்கிப் போயிருப்பதால், பக்கவாட்டில் கவிழ்வதற்குக் காலி வண்டியே எளிதில் இடம் கொடுக்கும். பாதி நிரம்பிய 1000 லிட்டர் திரவத் தொட்டியும் இப்படித்தான் ஏமாற்றும். எடை குறைவு, ஆனால் உள்ளே திரவம் அலைந்து மையத்தை இழுத்துப் போகும்.

மின்சார வண்டிக்கே உரிய விஷயங்கள் மூன்று உண்டு. முதலாவது சூடு. மேலே சொன்ன வண்டியும் சுமையும் சேர்ந்து 5500 கிலோ. அதை 10 சதவீதச் சரிவில் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஏற்ற, 48 வோல்ட் பேட்டரியிலிருந்து தோராயமாக 270 ஆம்பியர் வேண்டும். சமதரையில் அதே வேகத்துக்கு 45 ஆம்பியர் போதும். விவரக் கையேட்டில் ஏறுதிறன் 15 சதவீதம் என்று இருக்கும் இடத்தில் "எஸ்2 5 நிமிடம்" என்ற சிறிய எழுத்தைத் தேடிப் பாருங்கள். குளிர்ந்த மோட்டார் ஐந்து நிமிடம் தாங்கும், பிறகு ஆற வேண்டும் என்பதே அதன் பொருள். நாள் முழுவதும் ஏறலாம் என்பதல்ல. சூடு மிஞ்சினால், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் மின்னோட்டத்தைக் குறைத்துவிடும், வண்டி சுமையோடு சரிவின் நடுவில் திணறும்.

இரண்டாவது, மிதியை விட்டாலே வேகம் குறையும் மோட்டார் பிரேக்கிங். லித்தியம் பேட்டரி முழுமையாக நிரம்பியிருக்கும்போது, திரும்பி வரும் மின்சாரத்தை வாங்க இடமில்லாமல் சில வண்டிகளில் இந்தப் பிடிப்பு தளர்ந்துவிடும். சார்ஜரிலிருந்து கழற்றியதும் நேராகச் சாய்தளத்தில் இறங்கும் ஓட்டுநர், அந்தப் பிடிப்பை எதிர்பார்த்தே இறங்குகிறார். வண்டி பின்னால் உருளாமல் நிறுத்தும் வசதியும் பல வண்டிகளில் சில நொடிகளுக்குத்தான். அது கைப்பிரேக்குக்கு மாற்றாகாது.

மூன்றாவதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது. மின்சார வண்டியில் பேட்டரியும் எதிர் எடையின் ஒரு பகுதி. அதனால்தான் குறைந்தபட்சப் பேட்டரி எடையைத் தகட்டில் பொறிக்கிறார்கள். அதே கிடங்கில் 7ஆம் எண் வண்டியின் பேட்டரி மூடியைத் திறந்தபோது, ஈய-அமில பேட்டரி இருந்த இடத்தில் சிறிய லித்தியம் பேட்டரியும், அது ஆடாமல் இருக்கச் சுற்றிலும் மரக்கட்டைகளும் இருந்தன. பழைய பேட்டரியைவிட 400 கிலோ குறைவு. ஈடாக இரும்பு எடை எதுவும் வைக்கவில்லை. முன்பு போட்ட கணக்கில் இதைச் சேர்த்துப் பாருங்கள். முன் அச்சிலிருந்து முக்கால் மீட்டர் பின்னால் 400 கிலோ போய்விட்டால், 2765 என்பது 2490-க்குக் கீழே இறங்கும். 3 மீட்டர் உயர்த்திய சுமை முன்னால் இழுப்பதோ 2540. பிரேக்கைத் தொடாமலே கவிழும்.

ஆகவே, எத்தனை கிலோ என்ற கேள்வியை வண்டியைத் தயாரித்தவரிடம்தான் எழுத்தில் கேட்க வேண்டும். மாடல், வரிசை எண், மாஸ்ட் வகை, கூடுதலாகப் பொருத்திய இணைப்புக் கருவிகள், பேட்டரியை நிறுத்துப் பார்த்த எடை, சரக்கின் நீள உயரம், மிகச் செங்குத்தான இடத்தின் சரிவு, சாய்தளத்தின் நீளம், மணிக்கு எத்தனை முறை ஏறுவது ஆகிய எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதுங்கள். அந்தக் கிடங்கில் அப்படித்தான் செய்தோம். பதில் வந்ததும் பழைய பலகையை அழித்துவிட்டு 14% என்று எழுதி, ஒவ்வொரு வண்டி எண்ணுக்கும் நேராக அதற்குரிய எடையைக் குறித்தோம். 7ஆம் எண்ணுக்கு நேரே, ஈடு எடை பொருத்திப் புதிய தகடு வரும்வரை, "ஏறக் கூடாது" என்று மட்டும் எழுதி வைத்தோம்.