ஃபயர்வால் – தீயரண்

வீட்டு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) போனால், செக்யூரிட்டி பகுதியில் ஃபயர்வால் என்ற சொல் இருக்கும். நாம் கேட்காமலே வெளியிலிருந்து வரும் இணைப்புகளை மறிக்கும் ஏற்பாடு அது.

சொல் கட்டடத் தொழிலிலிருந்து வந்தது. ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றில் பற்றிய தீ அடுத்ததற்குத் தாவாமல் இருக்க நடுவில் எழுப்பும் தடித்த சுவர்தான் முதல் ஃபயர்வால். பிறகு காரிலும் விமானத்திலும் எஞ்சினை ஆட்கள் இருக்கும் இடத்திலிருந்து பிரிக்கும் தகடும் அந்தப் பெயரைப் பெற்றது. 1980களின் பிற்பகுதியில் கணினி வலையமைப்புக்கு வந்தது. 1988 நவம்பரில் மோரிஸ் புழு என்ற, தானே பரவும் நிரல் ஆயிரக்கணக்கான கணினிகளைத் திணறடித்த பிறகு இதன் தேவை நன்றாகவே உறைத்தது.

தமிழில் தீச்சுவர், நெருப்புச்சுவர், தீயரண் மூன்றும் வழங்குகின்றன. தீயரண்தான் சரி என்பேன். சுவர் எல்லாவற்றையும் மறிக்கும். ரவுட்டர் அப்படிச் செய்வதில்லை. உங்கள் ஃபோன் ஒரு தளத்தைக் கேட்டதும், கேட்ட கருவி எது, எந்த முகவரியை, எந்த போர்ட் (இணைப்புக்கான எண்ணிட்ட வாயில்) வழியாக என்று குறித்துக்கொள்கிறது. வரும் பாக்கெட் (தரவுத் துண்டு) அந்தக் குறிப்போடு பொருந்தினால் உள்ளே விடும். பொருந்தாவிட்டால் பெரும்பாலும் பதில்கூடச் சொல்லாமல் கைவிட்டுவிடும். ஆள் பார்த்து விடும் இந்த வேலைக்கு, வாயிலும் காவலும் உள்ள அரண்தான் பொருத்தம். பழைய சொல்லும்கூட, திருக்குறளின் 75ஆம் அதிகாரத்துக்கே அரண் என்றுதான் பெயர்.

மலையரண் என்றால் மலையே அரண், காட்டரண் என்றால் காடே அரண். அப்படியானால் தீயரண் தீயால் ஆன அரண் ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஆகாது. கொசுவலை கொசுவால் ஆன வலை இல்லையே! கொசுவைத் தடுக்கும் வலை, தீயைத் தடுக்கும் அரண்: இரண்டும், ‘ஐ’ உருபும் ‘தடுக்கும்’ என்ற சொல்லும் மறைந்து நிற்கும் உருபும் பயனும் உடன்தொக்க தொகை.

இன்னொன்று. வீட்டு ரவுட்டரின் தீயரண் வழக்கமாக உள்ளே வருவதைத்தான் மறிக்கும். டிவியோ கேமராவோ வெளியே பேசுவதை நிறுத்த வேண்டுமானால் தனியாக விதி எழுத வேண்டும். யூபிஎன்பி என்ற ரவுட்டர் வசதி இயங்கினால் உள்ளே இருக்கும் கருவியே உங்களைக் கேட்காமல் ஒரு போர்ட்டைத் திறந்துகொள்ளும். விளையாட்டுக்கோ வேறெதற்கோ உண்மையிலேயே தேவைப்பட்டால் ஒழிய அதை அணைத்துவிடுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், இணையத்தில் திறந்து கிடந்த கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் டெல்நெட் (தொலைவிலிருந்து கருவியை இயக்கும் பழைய முறை) வழியாக, தயாரித்தவர்கள் வைத்த கடவுச்சொல்லையே போட்டுப் பார்த்து நுழைந்தது. ஆகவே அந்தக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள்.

அப்புறம், ஐபிவி6 (இணைய முகவரி முறையின் புதிய பதிப்பு) உள்ள இணைப்பா என்று பாருங்கள். பழைய பதிப்பான ஐபிவி4இல் வீடு முழுக்க ஒரே பொது முகவரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். ஐபிவி6இல் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி கிடைப்பதால், அங்கே தீயரண் மட்டுமே காவல். சில ரவுட்டர்களில் ஐபிவி6 தீயரணுக்கான பொத்தான் தனியாக இருக்கும்.