ஒயிட் பேலன்ஸ் முகத்தை வெளுப்பாக்கும் பட்டன் இல்லை

இந்த வருஷத்தில் இது மூன்றாவது புடவை. மஞ்சப்பையிலிருந்து திருபுவனம் பட்டை எடுத்து ஸ்டுடியோ மேசையில் விரித்தார் பெண்ணின் அம்மா. பக்கத்திலேயே கல்யாண ஆல்பம். "ஏன் தம்பி, நான் கட்டியிருந்தது அரக்கு. இதுல செங்கல் கலர்ல இருக்கே?" எனக்குப் பதில் சொல்ல வாயில்லை. எங்கள் பையன் முந்தின நாள் சாயங்காலம் அரசலாற்றங்கரை மரநிழலில் ஜோடியை எடுத்தபோது கேமராவின் ஒயிட் பேலன்ஸை 'நிழல்' செட்டிங்கில் வைத்திருக்கிறான், மறுநாள் விடிகாலை மண்டபத்து ஹாலஜன் வெளிச்சத்திலும் அதை மாற்றவே இல்லை. நிறத்தை அப்புறம் லேசில் திருத்த முடியாத ஜேபெக்கில் வேறு எடுத்துத் தொலைத்திருக்கிறான்.

கும்பகோணத்தில் என் கடைக்கு வேலை பழக வருகிற பையன்களிடம் ஒயிட் பேலன்ஸ் எதற்கென்று கேட்டால் "முகம் வெள்ளையா வர்றதுக்குண்ணே" என்கிறார்கள். பேரில் ஒயிட் இருக்கிறதாம்! இல்லவே இல்லை. வெள்ளை வேட்டி எந்த வெளிச்சத்திலும் வெள்ளையாகவே வர வேண்டும், அதற்குத்தான் அது. வேட்டி சரியாக வந்தால் அரக்கு அரக்காக வரும், மாநிறம் மாநிறமாக வரும். முகம் இருட்டாக இருந்தால் அது எக்ஸ்போஷர் கோளாறு, அதாவது கேமராவுக்குள் விழுந்த வெளிச்சம் போதவில்லை, அதை அங்கே போய்ச் சரிபண்ணுங்கள். வெளுப்பு வேண்டும் என்று பகல் வெளிச்சத்தில் ஒயிட் பேலன்ஸ் எண்ணை 3200-க்கு இறக்கினால் மணப்பெண் நீலம் பாரித்துத்தான் தெரிவாள். மாநிறப் பெண்ணை மாநிறமாகக் காட்டுவதில் உங்களுக்கு என்னய்யா கஷ்டம்?

வெளிச்சத்தின் நிறத்தை கெல்வின் கணக்கில் சொல்வார்கள். விளக்குச் சுடர் 1900 கெல்வின் பக்கம், குண்டு பல்பு 2800, நடுப்பகல் வெயில் 5500, மரநிழல் 7000-ஐத் தொடும். கேமராவில் எண்ணைக் கூட்டினால் படம் மஞ்சளாகும், குறைத்தால் நீலமாகும். இரண்டு நாள் திருகிப் பார்த்தால் கைக்கு வந்துவிடும்.

ஆட்டோ போதாதா? பல நேரம் போதும். ஆனால் படம் முழுக்க ஒரே நிறம் நிறைந்தால் அது ஏமாந்துவிடும். குறுவை வயலுக்கு நடுவில் ஆளை நிறுத்தி எடுங்கள், பச்சையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று முகத்தில் ரோஸ் ஏற்றிவிடும். சாயங்கால வெயிலில் பொன்னாக நிற்கும் தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானத்தை வெறும் சாம்பல் கல்லாக்கிவிடும், அங்கே 'வெயில்' செட்டிங்தான்.

இடம் மாறினால் முதலில் ஒயிட் பேலன்ஸைப் பாருங்கள், அப்புறம் க்ளிக். கிரே கார்டை, அதாவது சாம்பல் நிற அட்டையை, மணவறையில், முகத்தில் விழுகிற அதே வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுத்து, அதை வைத்து 'கஸ்டம்' ஒயிட் பேலன்ஸ் செட் பண்ணுங்கள். கார்டு இல்லையென்று மாப்பிள்ளை வேட்டியைப் பிடிக்காதீர்கள். சொட்டுநீலம் போட்ட வேட்டி கொஞ்சம் நீலம்தான், அதை வெள்ளை என்று சொன்னால் கேமரா நம்பிக்கொண்டு மற்றதையெல்லாம் மஞ்சளாக்கும். நிறத்தை அப்புறமும் திருத்த இடம் தரும் ரா (RAW) ஃபைலாக எடுங்கள். எடுத்தாலும் தெனாவெட்டு வேண்டாம், ஒரு கன்னத்தில் ஹாலஜன், மறு கன்னத்தில் வாசல் வெளிச்சம் என்றால் ராவிலும் ஒரே இழுப்பில் சரியாகாது. ஹாலஜன் எரிகிற மண்டபமென்றால் ஃப்ளாஷ் வெளிச்சமும் அதே நிறத்துக்கு வர, அதன் மேல் ஆரஞ்சு ஜெல் (கண்ணாடித்தாள் மாதிரி நிறத்தாள்) ஒட்டுங்கள். நீலச் சாமியானாவுக்கு அடியில் மட்டும் குடும்பப் படம் எடுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன், நாலடி வெளியே கூட்டிவந்துவிடுங்கள்.

அந்தப் புடவையை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்துப் பார்த்து, பதினாறு பக்கம் திருத்தி, என் செலவில் மறுபடி அச்சடித்தேன். அரக்கு ஒருவழியாக வந்துவிட்டது. அம்மாவின் முகம்தான் கொஞ்சம் சாம்பல் பூத்துவிட்டது.