"அப்புறம் அழுதுட்டான்" என்று விட்டுவிடாதீர்கள்

இந்த வாரமும் ஒரு குழந்தை. 14 மாதம் ஆகிறது. உட்கார வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்கிறான். கட்டை விரல் உள்ளே மடங்கிய முஷ்டி இன்னும் விரியவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் எல்லாம் இருக்கிறது: பிறந்ததும் அழவில்லை, மாஸ்க் வைத்து மூச்சுக் கொடுத்தார்கள், அன்று இரவே வலிப்பு, தொடர் பரிசோதனைக்கு வரவும். அதன் பிறகு யாரிடமும் காட்டவில்லை. "அப்புறம் நல்லா அழுதுட்டான் டாக்டர், பாலும் குடிச்சானே" என்கிறார் அம்மா. அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. இதே வார்த்தையைப் பல குடும்பங்களிடம் கேட்டுவிட்டேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அழுகை வந்தால் நுரையீரல் வேலை செய்கிறது என்று தெரியும். மூளைக்கு என்ன ஆனது என்று தெரியாது. பிரசவ நேரத்தில் ஆக்சிஜனும் ரத்த ஓட்டமும் குறைந்தால் மூளைச் செல்களின் ஆற்றல் தீர்ந்துபோகிறது. மூச்சு திரும்பியதும் பல செல்கள் தேறிக்கொள்கின்றன. குழந்தை நிறம் மாறி, அழுது, எல்லோரையும் நிம்மதியாக்குகிறது. பாதிப்பு அதோடு நிற்பதில்லை. சில மணி நேரம் கழித்து, சுமாராக 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள், இரண்டாவது சரிவு வரும். தேறியது போலிருந்த செல்கள் அப்போது சாகத் தொடங்கும். பல குழந்தைகளுக்கு வலிப்பு வருவதும் இந்தக் கட்டத்தில்தான். நடுவில் கிடைக்கும் அமைதியைப் பார்த்து ஏமாறுகிறோம்.

சிகிச்சைக்கு நமக்குக் கிடைக்கும் நேரமும் அதுதான். மாதம் நிறைந்து பிறந்து, பாதிப்பு மிதமாகவோ கடுமையாகவோ இருக்கும் குழந்தையை 6 மணி நேரத்துக்குள் குளிர்விக்கத் தொடங்க வேண்டும். உடல் வெப்பத்தை 33–34 டிகிரி செல்சியஸில் 72 மணி நேரம் வைத்து, பிறகு மெதுவாக ஏற்றுவோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டுமே செய்யக்கூடிய வேலை இது, வீட்டில் துணியை நனைத்துப் போடுவதல்ல. எல்லாக் குழந்தைகளையும் இது காப்பாற்றிவிடாது என்பதும் உண்மை. ஆனாலும் "வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறோம்" என்று டாக்டர் சொன்னால், "காலையில பார்த்துக்கலாமே" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

பிரசவ அறையில் இருக்கும் சக ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. தலைகீழாகத் தூக்கித் தட்டுவதை இன்னுமா செய்கிறோம்? துடையுங்கள், முதுகைத் தேய்த்துவிடுங்கள், மூச்சு வரவில்லையென்றால் முதல் நிமிடத்துக்குள் மாஸ்க் வையுங்கள். 1 நிமிட அப்கார் மதிப்பெண்ணை (பிறந்ததும் குழந்தையின் மூச்சு, இதயத்துடிப்பு, நிறம் முதலியவற்றைப் பார்த்துப் போடும் மதிப்பெண்) மட்டும் வைத்துக் குழந்தையின் எதிர்காலத்தைச் சொல்லிவிடாதீர்கள்.

பிறந்த குழந்தைக்குத் தாமதமாக மூச்சு வந்தாலே மூளை போய்விட்டது என்றும் பயப்பட வேண்டாம். 100 குழந்தைகளில் ஏறக்குறைய 10 பேருக்கு முதல் மூச்சுக்குச் சிறிய உதவி தேவைப்படும், பெரும்பாலோர் நன்றாகவே வளர்கிறார்கள். பெருமூளை வாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கெடும் நிலை) எல்லாமே பிரசவத்தில் வருவதும் இல்லை. குறைமாதம், தொற்று, மரபணு என்று வேறு காரணங்களே அதிகம்.

கர்ப்பிணிகளே, வயிற்றில் குழந்தையின் அசைவு குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரவானாலும் சரி. பனிக்குட நீர் பச்சையாகவோ கறுப்பாகவோ வந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனிக்க ஆளில்லாத இடத்தில் வலி வர ஊசி போட்டுக்கொள்ளவே கூடாது.

பிறந்த குழந்தையின் வலிப்பு பெரியவர்களுடையது போல உதறித் துடிப்பதாக இருக்காது. சைக்கிள் மிதிப்பது போலக் கால் அசையும், வாய் சப்புக்கொட்டும், கண் ஒரே பக்கம் வெறிக்கும், சில நொடி மூச்சு நிற்கும். பார்த்தவுடன் சொல்லுங்கள், முடிந்தால் போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு, 2 மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, 4 மாதம் முடிந்தும் கழுத்து நிற்கவில்லை, 9 மாதமாகியும் உட்காரவில்லை, 1 வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பயன்படுத்துகிறது என்றால் உடனே வாருங்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தார்" என்று காத்திருக்கும் மாதங்களில்தான் பயிற்சி அதிகம் பலன் தரும். காதும் கண்ணும் சோதித்தாக வேண்டும். ஸ்கேன் நார்மல் என்று எழுதியிருந்தாலும் 2 வயது வரை பரிசோதனையை நிறுத்தாதீர்கள்.